எஸ்டேட் டியூஷனுக்கு இலவச ஸூம் போதுமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற ஊரில் படிவம் ஐந்து கணக்கு டியூஷனை இணையத்தில் நடத்த இலவச ஸூம் போதும், கையாளத் தெரிந்தால். 40 நிமிடத்தில் வகுப்பு துண்டிக்கப்படும். குறைதான், ஆனால் ஓயாமல் பேசும் ஆசிரியருக்கு நல்ல கடிவாளம். 10 நிமிடம் விளக்கம், 15 நிமிடம் மாணவர் கணக்குப் போடுவது, மிச்சம் திருத்தம்.

இதன் உயிர், மாணவரைச் சிறு குழுக்களாகப் பிரித்து உட்கார வைக்கும் பிரேக்அவுட் அறைகள். அறைக்கு மூன்று பேர் போதும். ஐந்து பேரானால் இருவர் போடுவார்கள், மற்றவர் வேடிக்கை பார்ப்பார்கள். ஆசிரியர் பகிரும் திரை வழக்கமாக அறைக்குள் தெரியாது. கேள்வியை முன்பே வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாவிட்டால் "என்ன கேள்வி, சார்?" என்பதிலேயே நேரம் போய்விடும்.

தோட்டத்து லயங்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், இணைய லைன் மோசம். எல்லாரும் கேமரா திறந்தால் குரல் விட்டுவிட்டு வரும். மூடச் சொல்லுங்கள், விடையைச் சாட்டில் தட்டி வைத்து, "இப்போ" என்றதும் ஒன்றாக அனுப்பட்டும். பார்த்தெழுத வழியில்லை, தூங்குபவரும் தெரிந்துவிடுவார்.

ஸூம் வெண்பலகையில் மௌஸால் எழுதினால் வெறும் கிறுக்கல்தான். காகிதத்துக்கு மேலே கைப்பேசியை நிறுத்தி இரண்டாவது கருவியாக இணையுங்கள். அதில் ஒலியை மட்டும் சேர்க்காதீர்கள், எதிரொலிக்கும். இலவச ஸூமில் வகுப்பின் வீடியோ பதிவு கணினியில்தான் சேமிக்கப்படும். கைப்பேசியிலேயே வகுப்பு நடத்துபவருக்கு அந்த வசதி கிடையாது.