காற்றடைத்த சோபாவும் அப்பிச்சியின் கிணறும்

ஐந்து ஆண்டுகளில் நான்கு ஊர், நான்கு வாடகை வீடு. பாலப் பணிகளில் தரக்கட்டுப்பாட்டுப் பொறியாளராக இருக்கிறேன். தூண் எழும்பும் ஊரில் நானும் இருந்தாக வேண்டும். ஓசூரிலிருந்து காரைக்குடிக்கு மாறியபோது கட்டிலையும் மர சோபாவையும் ஏற்றி இறக்கிய கூலியும் லாரி வாடகையும் சேர்ந்து, கொஞ்சம் பணம் போட்டால் புதிதாகவே வாங்கியிருக்கலாம் என்ற கணக்கில் வந்து நின்றது. இறக்கும்போது சோபாவின் ஒரு கால் வேறு முறிந்திருந்தது. அன்றைக்குத்தான் காற்றடைத்த சாமான்களின் பக்கம் போனேன். சோபா, இருவர் படுக்கும் மெத்தை, பிள்ளைகளின் நீர்த்தொட்டி, நீச்சல் வளையம், சின்னப் படகு என்று மூன்று ஆண்டுகளில் வாங்கிப் பார்த்துவிட்டேன். எல்லாமே என் கைக்காசு.

முதலில் சோபா. 2,400 ரூபாய். பெட்டியைப் பிரித்தவுடன் கிளம்பிய பிளாஸ்டிக் வாடை இரண்டு நாள் வெளித்திண்ணையில் போட்ட பிறகுதான் தணிந்தது. காற்றடித்து மாலையில் உட்கார்ந்தோம், நன்றாகவே இருந்தது. காலையில் பார்த்தால் தளர்ந்து கிடந்தது. ஓட்டை என்று நினைத்துத் திருப்பி அனுப்பப் போனேன். நல்லவேளை, கூட வந்த காகிதத்தைப் படித்தேன். புதுப் பிவிசி (இந்தச் சாமான்களைச் செய்யும் பிளாஸ்டிக்) முதல் ஓரிரு முறை நீண்டு கொடுக்கும், மறுபடி காற்றடிக்க வேண்டும் என்று அதில் இருந்தது. அப்படியே ஆயிற்று. மூன்றாம் நாளிலிருந்து வாரம் ஒருமுறை அடித்தால் போதும் என்ற நிலைக்கு வந்துவிட்டது.

இந்த யோசனை புதிதல்ல. 1967-இல் இத்தாலியின் சனோட்டா நிறுவனம் ‘ப்ளோ’ என்ற காற்றடைத்த நாற்காலியைக் கொண்டுவந்தது. பிவிசித் தாள்களை உயர் அதிர்வெண் மின்சாரத்தால் உருக்கி ஒட்டும் முறைதான் அதற்கு உயிர். என் வீட்டு சோபாவும் அதே ஒட்டை நம்பித்தான் நிற்கிறது. அதனால் வாங்கும்போது நிறத்தையும், தம்ளர் வைக்கும் குழியையும் பார்த்து மயங்க வேண்டாம். ஒட்டு எத்தனை அகலம், ஓரத்தில் சுருக்கம் விழுந்திருக்கிறதா, வால்வு எப்படி என்று பாருங்கள். வேலைத் தளத்தில் தடிமன் அளக்க வைத்திருக்கும் வெர்னியர் கருவியால் அளந்து பார்த்தேன்: சோபாவின் தாள் 0.4 மில்லிமீட்டர் இருந்தது, நீச்சல் வளையத்தின் தாள் 0.2. இந்த ஓர் அளவே எது எத்தனை நாள் உழைக்கும் என்பதைச் சொல்லிவிடும்.

ஆனால் சோபாவை நான் மறுபடி வாங்க மாட்டேன். காரணம் என் அம்மா. முழங்கால் வலிக்காரர். ஊரிலிருந்து வந்தவர் ஆசையாக அதில் உட்கார்ந்தார், எழுந்திருக்க முடியவில்லை. இருக்கை தரையிலிருந்து ஒரு முழம்கூட இல்லை, கையை ஊன்றினால் கைப்பிடி உள்ளே அமுங்குகிறது. இரண்டு பேர் பிடித்துத் தூக்கினோம். “கண்ணு, எனக்கு ஒரு ஸ்டூல் போதும்” என்றார். அதன் பிறகு அவர் அதன் பக்கமே போகவில்லை. கோடையில் வேறு தொடையும் முதுகும் தாளில் ஒட்டிக்கொள்ளும். மேலே பருத்தி விரிப்பு போட்டே ஆக வேண்டும். பெரியவர்கள் இருக்கும் வீட்டுக்கு இது ஆகாது.

மெத்தை அப்படியில்லை. மனதாரச் சொல்கிறேன், விருந்தாளி வரும் வீட்டுக்கு அது வரம். ஐந்தே நிமிடத்தில் படுக்கை, காலையில் சுருட்டினால் ஒரு பைக்குள் அடங்கிவிடுகிறது. ஆனால் பம்பை யோசித்து வாங்க வேண்டும். நாலரை அடி அகலம், ஆறேகால் அடி நீளம், 25 சென்டிமீட்டர் உயரம் என்றால் உள்ளே ஏறத்தாழ 650 லிட்டர் காற்று. வாயால் ஊதினால் தலை சுற்றும். சைக்கிள் பம்பு சிறிதளவு காற்றை அதிக அழுத்தத்தில் தள்ளுவது. மெத்தைக்கு வேண்டியது அதற்கு எதிர்மாறு, நிறையக் காற்று, குறைந்த அழுத்தம். இழுக்கும்போதும் அழுத்தும்போதும் காற்றைத் தள்ளுகிற கைப்பம்பு வாங்கினால் கரண்டு போன இரவிலும் கைகொடுக்கும். மின்பம்பு சௌகரியம்தான், ஆனால் அதை விற்பவர்கள் சத்தத்தைப் பற்றி வாய் திறப்பதில்லை. குழந்தை தூங்கிய பிறகு அதைப் போட முடியாது.

என் முதல் மெத்தை எட்டு மாதத்தில் போயிற்று. ஏசி அறையில் இரவு கெட்டியாக அடித்து வைத்ததை, மறுநாள் துணி காயவைக்கும் அவசரத்தில் அப்படியே வெயிலில் சாய்த்துவிட்டேன். காற்று 15 டிகிரி சூடானால் கிட்டத்தட்ட இருபதில் ஒரு பங்கு விரியும். ஏற்கெனவே கெட்டியாக இருந்த மெத்தைக்கு விரிய இடமில்லை. மதியம் பார்க்கும்போது நடுவில் ஒட்டகத் திமில் போல ஒரு புடைப்பு. மேல்தாளையும் கீழ்த்தாளையும் உள்ளே இழுத்துப் பிடித்திருக்கும் பட்டைகளில் ஒன்று விட்டுப்போயிருந்தது. வெளியே ஓட்டை விழுந்தால் ஒட்டலாம், உள்பட்டை விட்டால் எதுவும் செய்ய முடியாது. விற்ற கடைக்குப் படம் அனுப்பினேன். பயன்படுத்தியதால் வந்த சேதம் என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டார்கள். வெயிலில் வைக்கக் கூடாது என்று பெட்டியில் ஒரு மூலையில் எள்ளு அளவு எழுத்தில் இருந்தது உண்மை. இந்த ஊர் வெயிலுக்கு அதைக் கொட்டை எழுத்தில் போட்டிருக்க வேண்டும் என்பதே என் வாதம்.

இரண்டாவது மெத்தைக்கு இரண்டு ஆண்டு முடிந்துவிட்டது. இடையில் ஒருமுறை பஞ்சர் ஆனது. சைக்கிள் கடைக்கு எடுத்துப் போனேன். கடைக்காரர் விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, “அம்மா, இது ரப்பர் இல்லை. என் சொல்யூஷன் இதில் பிடிக்காது” என்று நேர்மையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டார். தளத்தில் குழாய் ஒட்டும் பசை இருந்தது, அதைப் போட்டேன். பிடித்தது, ஆனால் அந்த இடம் ஓடு போல இறுகி ஒரே வாரத்தில் வெடித்தது. பிறகுதான் மெத்தைக்கென்றே விற்கும் மென்பிவிசி ஒட்டுத்துண்டை வாங்கினேன். பழைய வெடிப்பையும் மூடும் அளவுக்கு அதைப் பெரிதாக வெட்ட வேண்டியிருந்தது.

வேறு ஓட்டையும் இருக்கிறதா என்று கண்டுபிடிப்பதுதான் பெரிய வேலை. மெத்தையை நிறைய அடித்து, சோப்புத் தண்ணீரில் முக்கிய துணியால் கைப்பிடி அகலத்துக்கு ஒவ்வோர் இடமாகத் தடவிக்கொண்டே போனேன். தாளின் நடுவில் எதுவும் இல்லை. ஓரத்து ஒட்டுக்குப் பக்கத்தில், பழைய ஒட்டிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி, கடுகு போல ஒரு குமிழ் வந்தது, உடைந்தது, அதே இடத்தில் இன்னொன்று. கண்ணுக்கு ஒன்றுமே தெரியவில்லை. பால்பாயிண்ட் பேனாவால் சுற்றி வட்டமிட்டு, காற்றை முழுக்க விட்டு, ஸ்பிரிட்டால் துடைத்து, இரண்டு இடத்திலும் துண்டை ஒட்டி, மேலே ஒரு தடித்த புத்தகத்தை வைத்து அதன்மேல் அம்மிக்குழவியைத் தூக்கி வைத்தேன். ஓர் இரவும் பாதிப் பகலும் அப்படியே இருக்கட்டும். அவசரப்பட்டு மூன்று மணி நேரத்தில் காற்றடித்தால் உரிந்துவிடும்.

பிள்ளைகளின் நீர்த்தொட்டிக்கு வருகிறேன். ஐந்தடி விட்டம், 1,400 ரூபாய். என் மகனும் மகளும் இரண்டு கோடை முழுக்க அதிலேயே கிடந்தார்கள். விளம்பரப் படங்களில் இதை மொட்டை மாடியில் வைத்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பதறுகிறது. ஓர் அடித் தண்ணீர் என்றால் சதுர மீட்டருக்கு 300 கிலோ. ஆட்கள் ஏறிப் புழங்கும் கூரைக்கு, கட்டடச் சுமைகளுக்கான இந்தியத் தரநிர்ணயமான ஐஎஸ் 875 இரண்டாம் பகுதி வைத்திருக்கும் சுமை ஏறக்குறைய 150 கிலோதான். அதாவது அரை அடித் தண்ணீரிலேயே கணக்கு நிறைந்துவிடுகிறது, அதற்கு மேல் குதிக்கும் பிள்ளைகள் வேறு. வீட்டுக்காரர் கட்டும்போது என்ன கம்பி போட்டார் என்று உங்களுக்குத் தெரியாது. இரண்டடி ஆழத் தொட்டி வாங்கி மாடியில் வைக்கிறவர்களைக் கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன், தரையில் வையுங்கள். நாங்கள் வேப்பமரத்தடியில் கல் பொறுக்கி, பழைய சாக்கு விரித்து வைத்தோம். ஒருமுறை நிரப்ப 500 லிட்டருக்கு மேல் ஆகிறது. அன்று மாலையே அது முழுக்கத் தென்னைக்கும் கறிவேப்பிலைக்கும் போய்விடும். மிச்சம் வைத்தால் டெங்குக் கொசுவுக்கு ஒரு வாரம் போதும். அதைவிட, தவழும் குழந்தைக்கு ஒரு சாண் தண்ணீரே ஆபத்து.

இனி நான் எழுத வந்த முக்கியமான விஷயம்: நீச்சல் வளையம்.

கோபிசெட்டிபாளையத்துப் பக்கம் எங்கள் ஊர். என் அப்பிச்சி, அதாவது அம்மாவின் அப்பா, அவர் கிணற்றில்தான் நான் நீந்தப் பழகினேன். முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கையைக் கட்டி, இடுப்பில் கயிறு போட்டு, மறுமுனையைப் படியில் உட்கார்ந்து அவர் பிடித்திருப்பார். குடுக்கை மிதக்கவைக்கும், கயிறுதான் காப்பாற்றும் என்று அவருக்குத் தெரியும். கொஞ்சம் வளர்ந்ததும் லாரி டியூப். கட்டை ரப்பர், பத்து வருடம் உழைக்கும், ஒட்டினால் ஒட்டும். அதன் வால்வு மட்டும் விலாவைக் கிழித்துவிடும். துணி சுற்றிக் கட்டிக்கொள்வோம்.

என் மகளுக்கு மூன்று வயதில், கால் நுழைக்க இரண்டு ஓட்டைகள் உள்ள வளையம் வாங்கினேன். 350 ரூபாய், வாத்துத் தலை வைத்தது. இடுப்பளவு ஆழமுள்ள குளத்தில், கையெட்டும் தூரத்தில் நான் நின்றிருந்தேன். வாத்தின் தலையைப் பிடிக்க முன்னால் சாய்ந்தாள். வளையம் அப்படியே கவிழ்ந்தது. கால்கள் ஓட்டையில் சிக்கியிருக்க, இரண்டு பாதங்கள் மட்டும் மேலே தெரிந்தன. சத்தமே இல்லை. கூச்சல், தண்ணீர் அடிக்கும் ஒலி, எதுவுமே இல்லை. நான் ஒரே எட்டில் தூக்கிவிட்டேன், அவளும் இருமிவிட்டு அழுதாள். அந்த நேரத்தில் நான் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இன்றுவரை முழுதாக நினைத்துப் பார்க்கத் துணியவில்லை.

வீட்டுக்கு வந்து வளையத்தைத் திருப்பிப் பார்த்தேன். உயிர்காப்புச் சாதனம் அல்ல என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தது. 2021 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். அதைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். ஆனால் அந்த முத்திரை அது நல்ல பொம்மை என்று மட்டுமே சொல்கிறது. குழந்தை மூழ்காது என்று சொல்லவில்லை.

அடுத்த வாரமே உள்ளே நுரைப்பலகை வைத்த லைஃப் ஜாக்கெட் வாங்கினேன். இதில் முள் குத்தினாலும் மிதப்புப் போகாது. அதில் தைத்திருக்கும் விவரச்சீட்டில் ஐஎஸ்ஓ 12402 என்ற சர்வதேசத் தர எண்ணும், மிதக்கவைக்கும் விசையின் நியூட்டன் கணக்கும் போட்டிருக்கும். 50 நியூட்டன் என்பது நீந்தத் தெரிந்தவருக்கான துணை. 100-ம் அதற்கு மேலும் உள்ளவை மயங்கியவரையும் முகம் மேலே வரும்படி திருப்பும் வகையில் செய்யப்படுபவை. குழந்தைக்கு வாங்கும்போது எடை வரம்பைப் பாருங்கள், தலைக்குப் பின்னால் காலர் இருக்கட்டும், கால்களுக்கு நடுவே பட்டை கட்டாயம். மாட்டிவிட்டுத் தோளைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். ஜாக்கெட் காதுக்கு மேல் ஏறினால் அது வேண்டாம்.

படகு கடைசியாக வாங்கியது. இருவர் படகு, துடுப்போடு 3,500. மூன்று தனித்தனி அறைகள், அதனால்தான் எடுத்தேன். கரையோரம் இடுப்பளவுத் தண்ணீரில் ஏறி உட்கார்ந்து ஓர் அறையின் காற்றை வேண்டுமென்றே திறந்துவிட்டேன். ஒரு பக்கம் தொய்ந்தது, மிதந்தது. ஒரே அறை உள்ள படகை இனாமாகக் கொடுத்தாலும் தொட மாட்டேன். இதன் குறை எடை. ஒகேனக்கல் பரிசல் ஆட்களோடு தண்ணீரில் கனத்து உட்காரும்; இது சருகு மாதிரி, காற்றடித்த பக்கம் போகும். ஒருநாள் ஏரியில் மாலைக் காற்று கிளம்பியபோது முப்பதடி தூரம் கரைக்கு வர இருபது நிமிடம் துடுப்புப் போட்டேன். கடலுக்கு இதை எடுத்துப்போகவே கூடாது. கரையிலிருந்து உள்ளே வீசும் காற்றுக்கு நீங்கள் ஈடு கொடுக்க முடியாது. தார்பாய் விரித்த பண்ணைக்குட்டையும் வேண்டாம். படகு கவிழ்ந்தால் அந்த வழுக்கும் சரிவில் நல்ல நீச்சல்காரராலும் ஏற முடியாது. எங்கள் பெரியப்பா தோட்டத்துக் குட்டையில் முடிச்சுப் போட்ட வடத்தை நான்கு பக்கமும் தொங்கவிடச் சொல்லி, தொங்கவிட்ட பிறகே ஊருக்குத் திரும்பினேன்.

பத்திரப்படுத்தும் விஷயத்தில் ஒன்று. துடைத்து, நிழலில் நன்றாகக் காயவைத்து, முகப்பவுடர் தூவி, இறுக்கி மடிக்காமல் தளரச் சுருட்டி வையுங்கள். மடிப்பு விழுந்த கோட்டில்தான் முதலில் வெடிக்கும். பரணில் போட்ட சோபாவை எலி கடித்துக் கை நுழையும் அளவுக்கு ஓட்டை செய்துவிட்டது. இப்போது மெத்தையும் படகும் மூடி போட்ட பழைய அரிசி டிரம்மில் இருக்கின்றன. மகனுக்கு எட்டு வயது, போன மாசியில் அப்பிச்சியின் கிணற்றில் எந்தத் துணையும் இல்லாமல் ஒரு சுற்று நீந்தினான். அப்பிச்சி இப்போது இல்லை. படியில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன்.