கைடு ரிப்பேர் கிட்: நுனிக்குச் சரி, நடுவுக்கு யோசியுங்கள்

மீன்பிடி ராடில் லைன் (தூண்டில் நரம்பு) ஓடும் வளையங்கள்தான் கைடு. தூண்டில் சாமான் கடைகளிலும் ஆன்லைனிலும் சில நூறு ரூபாய்க்கு விற்கும் கைடு ரிப்பேர் கிட்களில், பிராண்ட் எதுவானாலும், உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒன்றுதான்: பல அளவுகளில் டிப்-டாப் (ராடு நுனியில் செருகும், குழாயுள்ள கைடு), நாலைந்து கைடு, ஒரு நூல்கண்டு, சூட்டில் உருகும் பசைக்குச்சி, சில கிட்களில் சின்ன எபாக்சி (இரண்டு திரவங்களைக் கலந்தால் இறுகும் பசை). நுனி போனவர்கள் தாராளமாக வாங்கலாம். நடுக் கைடு உடைந்தவர்கள் மேலே படித்துவிட்டு முடிவெடுங்கள்.

ராடில் அதிகம் அடிபடுவது நுனிதான். கார் கதவில் மாட்டும். ரீல் சுற்றும்போது ஸ்விவல் (லைனில் கட்டும் சுழல் இணைப்பு) வந்து மோதிச் செராமிக் வளையம் தெறிக்கும். கிட்டின் உண்மையான பயன், பத்துப் பதினைந்து டிப்-டாப் கையில் இருப்பதால் சரியான அளவு அகப்படுவது. டிப்-டாப்பின் குழாயில் 5.5 என்று போட்டிருந்தால் பெரும்பாலும் அது 5.5/64 அங்குலம், அதாவது சுமார் 2.2 மி.மீ. வெர்னியரில் பிளாங்கை (ராடின் வெறும் தண்டை) அளந்து, தள்ளினால் வழுக்கிக்கொண்டு போகும் அளவை எடுங்கள். இறுக்கமாக இருக்கிறதென்று பிளாங்கைச் சுரண்டக் கூடாது. கார்பன் இழை அறுந்து, அடுத்த தடவை அந்த இடத்திலேயே முறியும். அடுத்த பெரிய அளவைப் போட்டு, ஆட்டம் இருந்தால் உள்ளே இரண்டு சுற்று நூல் கொடுங்கள்.

பழைய குழாயைக் கழற்ற லைட்டர் போதும். தீ உலோகத்தில் மட்டும், சில விநாடிகள். பிறகு நேராக இழுக்க வேண்டும், திருகக் கூடாது. அதிகம் சூடாக்கினால் பிளாங்கே வெந்துபோகும். புதியதை ஒட்டப் பசைக்குச்சிதான் சரி, சூப்பர் குளூ வேண்டாம்: பசைக்குச்சி சூட்டில் இளகும், நாளைக்கு மறுபடி மாற்றலாம். நுனியே முறிந்திருந்தால் கட்டிங் பிளேயரால் வெட்டாமல், முக்கோண அரத்தால் சுற்றிச் சுற்றி அறுங்கள். இரண்டு மூன்று சென்டிமீட்டர் குறைந்தால் பெரிய வித்தியாசம் தெரியாது; ஒரு சாண் போய்விட்டால் நுனியின் மென்மை போய்விடும், லேசான லூர் (செயற்கை இரை) எறிய முடியாது.

நடுக் கைடுகளில்தான் கிட் கோட்டைவிடுகிறது. வளையம் சரியாகப் பொருத்தப்படாமல், கட்டைவிரலால் அழுத்தினாலே அசைகிற கைடுகள் கலந்து வருகின்றன. காதுக் குச்சியை வளையத்துக்குள் சுழற்றிப் பாருங்கள். பஞ்சு இழை சிக்கினால் அங்கே பிரெய்டும் (பின்னிய லைன்) அறுபடும். அலுமினியம் ஆக்சைடு அல்லது ஃபூஜியின் சிலிக்கான் கார்பைடு வளையமுள்ள கைடு ஒன்றைத் தனியாக வாங்குவது நல்லது. கடலில் போடுகிற ராடு என்றால் சட்டமும் துருப்பிடிக்காததாக இருக்கட்டும்.

எந்தக் கைடானாலும் கட்டுவதற்கு முன் பாதத்தின் (பிளாங்கில் படியும் தட்டையான பகுதியின்) நுனியை அரத்தால் தேய்த்துக் கத்தி முனைபோல் மெலிதாக்கி, அடிப்பக்கப் பிசிறை மழுங்கடித்துவிடுங்கள். தடித்த பாதத்தில் நூல் ஏறும் இடத்தில் இடைவெளி விழும். ராடு வளையும்போதெல்லாம் பிசிறு பிளாங்கைக் குத்தும். பழைய நூல்சுற்றை அறுக்கும்போதும் பிளேடு பாதத்தின் உலோகத்தின் மேலேயே ஓட வேண்டும், பிளாங்கின் மேல் அல்ல.

பாதத்துக்கு ஐந்து மி.மீ. முன்னதாகவே நூலைத் தொடங்கி, இழை இழையாக நெருக்கிச் சுற்றுங்கள். கடைசி ஏழெட்டுச் சுற்றுக்கு அடியில் ஒரு தனி நூல் வளையத்தை வைத்து, நுனியை அதில் கோத்து இழுத்தால் முடிச்சு தேவையில்லை. எபாக்சி பூசும் முன் ரீல் பக்கமிருந்து கண்ணை வைத்து எல்லா வளையமும் ஒரே நேர்கோட்டில் இருக்கிறதா பாருங்கள். அதற்குப் பிறகு திருத்த முடியாது.

கிட்டில் வரும் ஐந்து நிமிட எபாக்சியைத் தொடாதீர்கள். விறைத்துப்போய், ராடு வளையும்போது வெடிக்கும். ராடுக்கென்றே விற்கும் மெதுவான எபாக்சியை இரண்டு சிரிஞ்சில் தலா 3 மில்லி, சரிசமமாக எடுங்கள். அளவு பிசகினால் பிசுபிசுப்பு போகவே போகாது. கலக்கியதை அலுமினியத் தாளில் பரப்பினால் குமிழ் வெளியேறும். பூசியபின் முதல் இரண்டு மணி நேரம், சில நிமிடங்களுக்கு ஒருமுறை ராடை அரைச்சுற்றுத் திருப்பாவிட்டால் ஒரு பக்கமாக வழிந்து தொங்கும். மழை நாளில் இந்த வேலை வேண்டாம், ஈரப்பதத்தில் மேற்பரப்பு மங்கிவிடும். ஒரு முழு நாள் காயவிட்டு, மறுநாள் லைனைக் கோத்து லேசாக வளைத்துப் பார்த்துவிட்டுக் கரைக்குக் கொண்டுபோங்கள்.