பட்டியலில் பல்கலைக்கழகம் இருந்தது, என் படிப்பு இல்லை

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு வால்வு கம்பெனியின் டைம் ஆபீஸில் இருக்கிறேன். வருகைப்பதிவு, பி.எஃப்., இ.எஸ்.ஐ., கேன்டீன் டோக்கன் வரை எல்லாம் என் மேஜைக்கு வரும். எட்டு வருடம் ஆகியும் எச்.ஆர். எக்ஸிகியூட்டிவ் ஆக முடியவில்லை, பி.காம். மட்டும் போதாதாம். சரி, மனிதவள மேலாண்மையும் பயிற்சியும் சேர்ந்த எம்.பி.ஏ.வைத் தொலைதூரக் கல்வியில் முடித்துவிடலாம் என்று 2023இல் வடபழனியில் ஒரு ஸ்டடி சென்டருக்குப் போனேன். ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடி.

உரிமையாளர் ஒரு வடமாநிலப் பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொன்னார். பல்கலைக்கழக மானியக் குழுவான யூ.ஜி.சி.யின் இணையதளத்தைத் திறந்து அந்தப் பெயரைக் காட்டினார். "பாருங்க தம்பி, கவர்மென்ட் லிஸ்ட்லயே இருக்கு." இருந்தது. வீட்டுக்கு வந்து நானும் பார்த்தேன், அப்போதும் இருந்தது. அந்த விஷயத்தில் அவர் பொய் சொல்லவில்லை. நான் விழுந்ததே அதனால்தான்.

யூ.ஜி.சி.யின் பல்கலைக்கழகப் பட்டியல் வேறு, அதன் தொலைதூரக் கல்விப் பிரிவான டெப் வெளியிடும் பட்டியல் வேறு. எந்தப் பல்கலைக்கழகம், எந்தக் கல்வியாண்டில், எந்தப் படிப்பைத் தொலைதூர முறையில் நடத்தலாம் என்பது இரண்டாவதில்தான் இருக்கும். ஒரு மாநிலத்துப் பல்கலைக்கழகம், அரசுடையதோ தனியாருடையதோ, தன் மாநிலத்தைத் தாண்டி வந்து தொலைதூரப் படிப்புக்கு மையம் நடத்தக்கூடாது என்றும், அதைப் பிறருக்கு ஃபிராஞ்சைஸ் கொடுக்கக்கூடாது என்றும் 2020ஆம் ஆண்டு விதிகளில் இருக்கிறது. இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது.

மொத்தம் 42,000 ரூபாய். பத்தாயிரம் ஜிபேயில், மீதி ரொக்கமாக. கையால் எழுதிய சீட்டில் கட்டணம் என்று இல்லை, 'கன்சல்டிங் சார்ஜ்' என்று இருந்தது. இன்னும் இருபதாயிரம் போட்டால் முன்தேதியிட்டு ஒரே வருடத்தில் முடித்துத் தருவதாகவும் சொன்னார். வேண்டாம் சார், முறையாகவே படிக்கிறேன் என்றேன். என்ன முறையோ! டிகிரி சர்ட்டிபிகேட் ஒரிஜினலையும் சரிபார்க்க என்று வாங்கி வைத்துக்கொண்டார். வேலைக்குச் சேர வருகிறவர்களிடம் ஒரிஜினலைப் பார்த்துவிட்டு அங்கேயே திருப்பிக் கொடுக்கிறவன் நான்.

மூன்று மாதம் கழித்து ஸ்பைரல் போட்ட புத்தகங்கள் வந்தன. இ.எஸ்.ஐ. சம்பள வரம்பு 15,000 என்று அச்சாகியிருந்தது, 2017 முதல் அது 21,000. தொழிலாளி பங்கு 1.75 சதவீதமாம். 2019 ஜூலையிலிருந்து 0.75 சதவீதத்தை மாதாமாதம் என் கையாலேயே பிடித்தம் செய்கிறேன். மகப்பேறு விடுப்பு 26 வாரமான பிறகும் அதில் 12 வாரம்தான். பயிற்சி மதிப்பீட்டுப் பாடத்தில், பயிற்சியின் பலனை அளக்க கிர்க்பாட்ரிக் என்ற அமெரிக்கப் பேராசிரியர் சொன்ன நான்கு நிலைகளில் மூன்றுதான் இருந்தன. நான்காவது, பயிற்சியால் நிறுவனத்துக்கு என்ன பலன் கிடைத்தது என்பது, ஜெராக்ஸில் விழவில்லை. அப்போதே எழுந்து போயிருக்க வேண்டும். பழைய பதிப்பு போல என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

வகுப்பு ஒன்றுகூட நடக்கவில்லை. தேர்வு அதே மாடியில், கேள்வித்தாள் முந்தின நாள் மாலையே வாட்ஸ்அப்பில் வந்துவிடும்.

2025இல் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கம்பெனியில் எச்.ஆர். வேலை கிடைத்தது. சேர்வதற்குப் பத்து நாள் இருக்கும்போது, சான்றிதழ் சரிபார்க்கும் ஏஜென்சி என் எம்.பி.ஏ.வை அங்கீகாரம் இல்லாதது என்று எழுதி அனுப்பிவிட்டது. அந்தக் கம்பெனியின் எச்.ஆர். மேடம் போனில் சொன்னார்: "நீங்க ஏமாத்தினதா நான் நினைக்கல. ஆனா ஃபைல்ல வேற மாதிரி எழுத முடியாதே." வேலை போயிற்று. அவரைக் குறை சொல்ல மாட்டேன், நானும் அதையேதான் செய்திருப்பேன்.

சேர நினைப்பவர்கள் டெப் இணையதளத்தில் அந்த ஆண்டையும் அந்தப் படிப்பையும் தேடிப் பார்த்துவிட்டுப் போங்கள். 2024 முதல் மாணவர் தானே டெப் தளத்தில் பதிந்து டெப் ஐடி என்ற எண்ணை எடுத்த பிறகுதான் தொலைதூரப் படிப்பில் சேர முடியும். "அதெல்லாம் தேவையில்ல" என்று எந்த சென்டர் சொன்னாலும் படியிறங்கிவிடுங்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தொலைதூரக் கல்வி நிறுவனம் சேப்பாக்கத்தில் இருக்கிறது, தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் சைதாப்பேட்டையில். ஒரு பஸ் தூரத்தில் இவை இருக்க நான் வடபழனி மாடிக்கு ஏறினேன். இந்தப் பல்கலைக்கழகங்களில் சேர்ந்தாலும் டெப் பட்டியலைப் பார்த்துவிட்டு, பணத்தைப் பல்கலைக்கழகக் கணக்கில் நேரடியாகக் கட்டுங்கள்.

சர்ட்டிபிகேட்டை மீட்க மூன்று முறை அலைந்தேன். மாணவர்களின் ஒரிஜினலைக் கல்வி நிறுவனங்கள் பிடித்து வைக்கக்கூடாது என்ற யூ.ஜி.சி.யின் 2018 அறிவிப்பை அச்செடுத்துக்கொண்டு, அடுத்தது போலீஸ் ஸ்டேஷன்தான் என்று சொன்ன பிறகுதான் பீரோ திறந்தது. நுகர்வோர் உதவி எண் 1915இலும் புகார் பதிந்திருக்கிறேன். ஜிபேயில் போன பத்தாயிரம் மட்டும் திரும்பி வந்தது. மீதி 32,000 என்னாச்சு சார் என்று கேட்டேன்.

"ரொக்கமா? எப்போ குடுத்தீங்க தம்பி?" என்றார்.