காயில் கடைக்காரர்கள் கவனத்துக்கு: ஆளை நிறுத்தும் முன் தராசை எடுங்கள்

தருமபுரி, பாலக்கோடு, காவேரிப்பட்டணம், ஊத்தங்கரை பக்கம் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருப்பவர்களுக்கு இது. ரெண்டு மூணு ஆள் வைத்து ஓட்டும் கடைகளில் கோடை சீசன் வந்தால் ஒரே மாதிரி ஏமாற்று வேலை நடக்கிறது. அதில் போகும் பணத்தைவிட, கண்டுபிடித்த அன்று முதலாளி ஆத்திரத்தில் செய்யும் காரியத்தில் போவதுதான் அதிகம்.

எரிந்த காயிலை வெட்டி உருவும்போது பழைய காப்பரில் எடை குறைவது எல்லோருக்கும் தெரிந்த கதை. கண்ணுக்குத் தெரியாமல் போவது டர்ன்ஸில், அதாவது கம்பிச் சுற்றின் எண்ணிக்கையில். ஒரு காயிலுக்கு 42 சுற்று வேண்டிய இடத்தில் 38 சுற்றிவிட்டு, மிச்சக் கம்பியை டிபன் பையில் எடுத்துப் போய்விடுவார்கள். இன்சுலேஷன் சோதிக்கும் மெக்கர் வைத்தால் சரியாகக் காட்டும். மூன்று பேஸிலும் ரெசிஸ்டன்ஸ் ஒன்றுபோல இருக்கும், மூன்றிலும் சமமாகத்தானே குறைத்திருக்கிறார்! மோட்டாரும் ஓடும். காட்டிக்கொடுப்பது நோ-லோடு ஆம்ப்ஸ்தான், அதாவது சுமை இல்லாமல் ஓடும்போது மோட்டார் இழுக்கும் கரண்ட். சுற்று குறைந்தால் உள்ளே இருக்கும் இரும்புக் கோரில் காந்தப்புலம் ஏறும். சும்மா ஓடும்போதே கரண்ட் அதிகம் இழுக்கும். சூடேறி வாரண்டிக்குள் எரிந்து திரும்பி வரும். பழி மட்டும் லோ வோல்டேஜ் மேல் விழும்.

இதற்கு ஒரு நோட்டுப் போதும். மோட்டாரைப் பிரிக்கும்போதே ஸ்லாட் (காயில் உட்காரும் பள்ளம்), டர்ன்ஸ், கேஜ் (கம்பியின் தடிமன்), பிட்ச் (காயில் எத்தனை ஸ்லாட் தாண்டி உட்காருகிறது), கனெக்‌ஷன், உருவிய பழைய கம்பியின் எடை; கட்டி முடித்ததும் உள்ளே போன புதுக் கம்பியின் எடை, டங் டெஸ்டரில் (கம்பியைக் கவ்வி கரண்ட் பார்க்கும் மீட்டர்) பார்த்த நோ-லோடு ஆம்ப்ஸ். எழுதுவது முதலாளியின் கையாக இருக்கட்டும். கம்பி ரீலை வேலைக்குக் கொடுக்கும்போது ஒரு எடை, திரும்பி வாங்கும்போது ஒரு எடை. அதே மாடல் மோட்டார் அடுத்த முறை வரும்போது, குறைத்துச் சுற்றியது தானாகத் தெரிந்துவிடும்.

அடுத்த ஓட்டை தோட்டத்தில். மோட்டார் இறக்கப் போன இடத்தில், "கடைக்கு வராதீங்கண்ணா, எனக்கே போன் போடுங்க, ஐநூறு கம்மி பண்ணிக்கலாம்" என்பது. கூலியை விவசாயி ஜிபேயில் போடுவார், அது ஆளின் சொந்த நம்பருக்குப் போகும். கல்லா மேல் ஒட்டியிருக்கும் க்யூஆர் ஸ்டிக்கரையே மாற்றி ஒட்டிய கடைகளும் உண்டு. பேமெண்ட் ஸ்பீக்கர் சத்தம் வராமல் வாடிக்கையாளரை அனுப்பாதீர்கள்.

சரி, பிடித்தாகிவிட்டது. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். கன்னத்தில் ஒரு அறை, பைக் சாவியைப் பிடுங்கி வைப்பது, வெற்றுப் பத்திரத்தில் கையெழுத்து, ராத்திரி வாட்ஸ்அப்பில் "நாளைக்கு வராதே" என்று ஒரு வாய்ஸ் மெசேஜ். மறுநாள் அவர் ஸ்டேஷனுக்குப் போனால், திருட்டு பின்னால் போய்விடும், அடித்த கேஸ் முன்னால் நிற்கும். அந்த வாய்ஸ் மெசேஜே சாட்சி. கடையில் பாதி பிரித்துக் கிடக்கும் ஐந்தாறு மோட்டாரின் கனெக்‌ஷன் அவர் தலைக்குள் மட்டும்தான் இருக்கும். தண்ணீர் இல்லாமல் காயும் தக்காளிக்காரர் வாசலில் வந்து கத்துவார்.

அதனால் வாயைத் திறக்கும் முன் செய்ய வேண்டியவை உண்டு. கம்பி, பழைய காப்பர், பேரிங் எல்லாவற்றையும் இரண்டு பேர் முன்னால் எடை போட்டு, எண்ணி, தேதியுடன் கையெழுத்து. நிலுவை மோட்டார் ஒவ்வொன்றுக்கும் டேக், போட்டோ. பூட்டு மாற்றம். கடை சிம் உங்கள் பெயரில்தானா என்று பாருங்கள். கடை வாட்ஸ்அப்பில் இணைந்திருக்கும் வேறு போன்களை வெளியேற்றுங்கள். அதன் பிறகே மெமோ: என்ன தேதி, என்ன பொருள், எவ்வளவு குறைவு, இத்தனை நாளுக்குள் விளக்கம் தேவை. தமிழில், ஒரு பக்கம் போதும். கையில் வாங்க மறுத்தால் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதை வையுங்கள்.

இந்தச் சடங்கு எதற்கு என்றால், 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், பிரிவு 41. ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரை நியாயமான காரணம் இல்லாமல் நிறுத்த முடியாது; காரணம் இருந்தாலும் ஒரு மாத நோட்டீஸ், அல்லது அதற்கான சம்பளம். தவறான நடத்தைக்காக நோட்டீஸ் இல்லாமல் நிறுத்தலாம், ஆனால் விசாரணை வைத்து, ஆதாரத்தை எழுத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். விசாரணை என்றதும் பயப்பட வேண்டாம்: குற்றச்சாட்டை வாசித்து, அவர் பதிலைக் கேட்டு, சாட்சி சொன்னதை எழுதி, எல்லோரும் கையெழுத்திட்ட தாள் அது. அவர் மேல்முறையீடு போனால் உங்கள் கையில் இருக்கப்போவது அந்தத் தாள்தான்.

சம்பள பாக்கியை நிறுத்தி வைக்காதீர்கள். வேலையை விட்டு நீக்கிய இரண்டு வேலை நாளுக்குள் கணக்கு முடித்தாக வேண்டும், அதையும் பேங்க் வழியாகச் செய்வது நல்லது. நஷ்டத்தைப் பிடிப்பதானால் முதலில் அவருக்கு விளக்கம் சொல்ல வாய்ப்பு தர வேண்டும். மொத்தப் பிடித்தம் அந்த மாதச் சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. மீதியை வசூலிக்க வழி போலீஸ் புகாரும் கோர்ட்டும். வேலைக்காரர் முதலாளியின் பொருளைத் திருடுவது பாரதிய நியாய சன்ஹிதா 306இல் வரும், ஏழு வருடம் வரை தண்டனை. எடை நோட்டு இல்லாமல் அந்தப் புகாரில் உயிர் இருக்காது.

குடித்துவிட்டு திங்கள்கிழமை வராதவரைத் திருடனோடு சேர்க்காதீர்கள். அவருக்கு வருகைப் பதிவேடும் இரண்டு மெமோவும் போதும்; பாதிப் பேர் அதிலேயே திருந்திவிடுவார்கள். பெரிய தொகை அட்வான்ஸ் கொடுத்து, அது தீரும்வரை போகக் கூடாது என்று கட்டிப்போடுவது மட்டும் வேண்டாம். 1976ஆம் ஆண்டு கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் செங்கல் சூளைக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். ஒரிஜினல் ஆதாரை வாங்கி வைப்பதும் தப்பு, நகல் போதும்.

ஆள் போன பிறகு வாடிக்கையாளர்களுக்குத் தகவல் சொல்லுங்கள்: "இன்னார் இன்று முதல் எங்கள் கடையில் இல்லை, கடைப் பணத்தை இந்த எண்ணில் மட்டும் செலுத்தவும்." போட்டோவும் 'திருடன்' என்ற வார்த்தையும் வேண்டாம், அவதூறு வழக்கு வரும். அவர் இறக்கிக் கொடுத்த மோட்டார்களின் வாரண்டி உங்கள் கடை பில்லில் இருந்தால், அவை திரும்பி வரும்போது நீங்கள்தான் பார்த்துக் கொடுத்தாக வேண்டும்; அதற்குக் கொஞ்சம் கம்பியை ஒதுக்கி வைத்துக்கொள்ளுங்கள்.