ஆம்ஸ்டர்டாமா, மொண்டேவீடியோவா?

உருகுவே, அர்ஜென்டினா இரண்டும் அக்கம்பக்கத்து நாடுகள். நடுவே ரியோ டி லா பிளாட்டா ஆறுதான். இந்தப் பங்காளிகள் மோதிய இரண்டு கால்பந்து இறுதிப் போட்டிகளில் எது உசத்தி?

1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக் இறுதிப் போட்டியில் முதல் ஆட்டம் 1-1 என டிரா. மூன்று நாள் கழித்து, ஜூன் 13 அன்று மறுபடி ஆடி, ஸ்கரோன் அடித்த கோலில் உருகுவே 2-1 என வென்றது. தரத்தில் இரு அணிகளும் சமம் என்பதற்கு இந்த ஸ்கோர்களே போதும்.

1930 ஜூலை 30, உருகுவேயின் தலைநகர் மொண்டேவீடியோ. முதல் உலகக் கோப்பை இறுதிப் போட்டி. யாருடைய பந்தில் ஆடுவது என்பதிலேயே தகராறு. முதல் பாதி அர்ஜென்டினாவின் பந்தில் நடந்தது. 2-1 என அவர்கள் முன்னிலை. அப்புறம் உருகுவேயின் பந்து வந்தது. சேயா, இரியார்தே, கடைசியில் சிறுவயதிலேயே ஒரு முன்கையை இழந்த காஸ்ட்ரோ என மூன்று கோல்கள். 4-2! மறுநாள் உருகுவேயில் தேசிய விடுமுறை. அர்ஜென்டினாவின் தலைநகர் புவெனஸ் அயர்ஸில் உருகுவே துணைத் தூதரகத்தின் மீது கல் விழுந்தது.

சமபலத்துக்கு 1928 சரி. ஆனால் சொந்த மண்ணில், பின்தங்கிய நிலையிலிருந்து எழுந்து வந்த அந்த இரண்டாம் பாதிக்காக, என் ஓட்டு 1930க்குத்தான்.