நோமெக்ஸ் தீத்தடுப்பு மேலங்கி: மூன்றாண்டுகள் அணிந்த பின்

அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் வேதியியல் துறையில் நான் ஆய்வுக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே, பாதுகாப்பு அலுவலகத்தில் அளவெடுத்து நீல நிற நோமெக்ஸ் மேலங்கி ஒன்றைக் கொடுத்தார்கள். தனியாக வாங்கினால் 100 டாலருக்கு மேல் ஆகும் இந்த அங்கி அந்த விலைக்குத் தகுமா என்று ஊரிலுள்ள ஆய்வு மாணவர்கள் கேட்பதால், மூன்றாண்டு அனுபவத்தை இங்கே எழுதுகிறேன். பியூட்டைல் லித்தியம் போல, காற்றுப் பட்டதும் தீப்பற்றக்கூடிய பொருள்களைக் கையாளுகிறவர்களுக்குத் தகும் என்பதே என் முடிவு.

நோமெக்ஸ் என்பது டூபாண்ட் நிறுவனம் 1960களில் சந்தைக்குக் கொண்டுவந்த, வெப்பம் தாங்கும் அராமிட் வகைச் செயற்கை இழை. நெருப்புப் பட்டால் இது உருகித் தோலில் ஒட்டாமல் கரியாகித் தடிக்கும். நெருப்பை விலக்கியதும் தொடர்ந்து எரியாது. ஊரில் முதுகலை படித்தபோது நான் அணிந்திருந்த வெள்ளைக் கோட்டு டெரிகாட்டன் துணியால் ஆனது என்பதையும், அதிலுள்ள பாலியெஸ்டர் தீயில் உருகி உடலோடு ஒட்டிக்கொள்ளும் என்பதையும் இங்கு வந்த பிறகுதான் அறிந்தேன். சென்ற ஆண்டு ஊசி முனையிலிருந்து சிந்திய ஒரு துளி பியூட்டைல் லித்தியம் என் கையின் மேல் பற்றி எரிந்து அணைந்தபோது, அங்கியில் பட்டாணி அளவு பழுப்புக் கறை மட்டுமே மிஞ்சியது. உள்ளே தோலில் சூடுகூடப் படவில்லை.

இந்த அங்கியின் மதிப்பை அறிய 2008 டிசம்பர் 29 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வகத்தில் நடந்ததை நினைத்துப் பார்க்க வேண்டும். 23 வயதான ஆய்வு உதவியாளர் ஷெரி சாங்ஜி, காற்றுப் பட்டதும் தீப்பற்றும் டெர்ட்-பியூட்டைல் லித்தியத்தைச் சிரிஞ்சில் இழுத்துக்கொண்டிருந்தபோது, அதன் உள்தண்டு கழன்று திரவம் வெளியேறித் தீப்பற்றியது. மேலங்கி அணியாதிருந்த அவருடைய செயற்கை இழை ஸ்வெட்டரில் தீ பரவியது. 18 நாள்கள் கழித்து, 2009 ஜனவரி 16 அன்று, அவர் இறந்தார். என்னை இன்றும் வருத்துவது வேறொன்று. அந்த ஆய்வகத்தில் மேலங்கி அணியாமல் வேலை செய்கிறார்கள் என்பதைப் பல்கலைக்கழகத்தின் சொந்தப் பாதுகாப்பு ஆய்வே 2008 அக்டோபரிலேயே குறித்து வைத்திருந்தது. குறைகள் சரிசெய்யப்படுவதற்குள் விபத்து நேர்ந்துவிட்டது.

அங்கியோடு சேர்ந்து வரும் கண்காணிப்பையும் இதனால்தான் மதிப்பிட வேண்டியிருக்கிறது. எங்கள் துறையில் சலவையை வெளி நிறுவனம் ஒன்று செய்கிறது. ஒருமுறை அது இரண்டு வாரம் தாமதித்ததால், இருவர் சாதாரண வெள்ளைக் கோட்டோடு லித்தியம் வினைகளைத் தொடங்கிவிட்டார்கள். அன்று முன்னறிவிப்பின்றி வந்த பாதுகாப்பு அலுவலர், குறிப்பெழுதிவிட்டுப் போய்விடாமல், வேலையை அங்கேயே நிறுத்தச் சொல்லி, மாலைக்குள் மாற்று அங்கிகளை வரவழைத்துத் தந்தார். இப்போது தளத்துக்கு ஆறு உபரி அங்கிகள் இருக்கின்றன. அவரிடம் எங்களில் சிலர் அன்று கோபப்பட்டோம், நான் உட்பட, அது தவறு.

குறைகளும் உண்டு. கோடையில் புழுங்குகிறது. பெண்களுக்கெனத் தனி வடிவம் கேட்டால் பல வாரம் காத்திருக்க வேண்டும். ஆண்கள் அளவை அணிந்தால் கைப்பகுதி நீண்டு குடுவைகளில் இடறுகிறது. எல்லாவற்றிலும் முக்கியமாக, இது திரவங்களைத் தடுக்காது. டார்ட்மவுத் கல்லூரிப் பேராசிரியர் காரன் வெட்டர்ஹான் 1996இல் தம் லேடெக்ஸ் கையுறை மேல் சிந்திய சில துளி டைமெதில் மெர்க்குரி என்ற கொடிய பாதரச நச்சு ஊடுருவியதால் அடுத்த ஆண்டு இறந்தார். எந்தப் பொருளுக்கு எந்தத் தடுப்பு என்று பார்க்காமல், நோமெக்ஸ் அணிந்திருக்கிறோம் என்ற துணிவில் அமிலத்தையோ நச்சுத் திரவத்தையோ கையாளக் கூடாது.

வாங்குகிறவர்கள் முன்பக்கம் அழுத்துப் பொத்தான் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள், தீப்பற்றினால் ஒரே இழுப்பில் கழற்றலாம். உள்ளே பருத்தி உடையே அணியுங்கள். துணி மென்மையாக்கிகள் எரியக்கூடிய படிவை விட்டுச்செல்வதால் அவற்றைச் சலவையில் சேர்க்காதீர்கள். விலை கட்டுப்படியாகாவிட்டால் தீத்தடுப்பு மருந்தேற்றிய பருத்தி அங்கி கிடைக்கிறது; ஆனால் அதைக் குளோரின் வெளுப்பான் போட்டுத் துவைத்தால் தடுப்புத் தன்மை போய்விடும்.