கிறிஸ்துமஸ் கார்டு படத்துக்கு மார்க்கரா, கலர் பென்சிலா?

ரப்பர் ஸ்டாம்ப்ல அச்சு பதிச்ச படத்துக்கு எதுல கலர் குடுக்கறதுன்னு குழப்பமா இருந்தா, முதல்ல பேட்டர்ன் பேப்பரை (கார்டுல ஒட்டற டிசைன் போட்ட பேப்பர்) எடுத்து பக்கத்துல வச்சுக்கோங்க, படத்தோட கலர் அதோட ஒத்துப் போகணும்ங்கறதால பாதி முடிவு அதுலயே வந்துடும்.

ஆல்கஹால் மார்க்கர்ல (ஆல்கஹால் கலந்த இங்க் உள்ள மார்க்கர்) சாண்டாவோட சிவப்பு கோட்டு திட்டு இல்லாம வழவழன்னு வரும், லைட் ஷேடு காயறதுக்குள்ள டார்க் ஷேடை இழுத்து விட்டா போதும், ஆனா பேட்டர்ன் பேப்பர்ல இருக்கற அதே சிவப்பு உங்க செட்ல இல்லன்னா கஷ்டம்தான். பின்பக்கமும் ஊறும், அதனால படத்தை தனி அட்டைல கலர் பண்ணி வெட்டி ஒட்டணும். ஸ்டாம்ப் இங்க்கும் ஆல்கஹாலுக்கு கரையாததா இருக்கணும், இல்லன்னா கருப்பு கோடெல்லாம் கலைஞ்சு முகமே அழுக்காயிடும்.

பென்சில்ல இந்த தொல்லையே இல்ல. ரெண்டு மூணு கலரை மேல மேல தேய்ச்சு பேட்டர்ன் பேப்பர்ல உள்ள பச்சையை கிட்டத்தட்ட கொண்டு வந்துடலாம், அதுவும் பழுப்பு கிராஃப்ட் அட்டைல வெள்ளை பென்சிலால பனி போட்டா அவ்ளோ அழகு! மார்க்கர் இங்க்ல அடில உள்ள பழுப்பு தெரியும், அந்த வெள்ளை வராது. நேரம்தான் ஜாஸ்தி.

ஒரே டிசைன்ல நிறைய கார்டுன்னா மார்க்கர். நெருங்கினவங்களுக்கு பாத்து பாத்து பண்றதுன்னா எனக்கு பென்சில்தான்.